இடிந்த சுவருக்கு ஏன் இவ்வளவு விலை? கம்பம் பள்ளத்தாக்கின் வீட்டுச் சந்தையும் சாதியின் எல்லைக்கோடும்

கம்பம் பள்ளத்தாக்கில் பழைய வீடு தேடிப் போகிறவரிடம் தரகர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "வீட்டப் பாக்காதீங்க, எடத்தப் பாருங்க." சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ ஊரின் நடுத்தெருவில் நிற்கும் ஓட்டு வீட்டுக்கு இந்த வாக்கியம் பொருந்தும். ஓடு சரிந்திருக்கும், உத்திரத்தில் கரையான் ஏறியிருக்கும், மண்சுவர் ஒரு பக்கம் வயிறு தள்ளியிருக்கும். வாங்குகிறவர் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார். அவர் கொடுக்கும் பணம் மனைக்கு உரியது. விலை கூடுதல் என்று முணுமுணுத்தாலும் அவர் கைக்குக் கிரயப் பத்திரம் வருகிறது, பட்டா பெயர் மாறுகிறது, வங்கி கடன் தருகிறது.

அதே தரகர் வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்குள் நுழைந்தால் வாக்கியம் தலைகீழாகிவிடுகிறது. அங்கே பல வீடுகளின் அடியில் இருக்கும் நிலத்தைத் தாளில் எழுதி விற்க முடியாது. அது புறம்போக்காக இருக்கும். அல்லது விற்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் அரசு ஒப்படைத்த மனையாக இருக்கும். அல்லது பட்டா கொடுத்தும் கிராமக் கணக்கில் ஏற்றப்படாத மனையாக இருக்கும். எனவே அங்கே விற்கப்படுவது சுவரும் கூரையும் "இருந்துகொள்ளும் உரிமை"யும்தான். சுவரோ, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டின் சுவர். கூரையின் காரை பெயர்ந்து கம்பி துருத்திக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் பாத்திரம் வைத்து நீர் பிடிக்க வேண்டும். ஆனாலும் ஊருக்குள் மனை விலை ஏறும்போதெல்லாம் இந்தச் சுவரின் விலையும் கூடவே ஏறுகிறது. சட்டப்படி விற்க முடியாத ஒன்றுக்கு, வாழத் தகுதியற்ற ஒரு கட்டடத்தின் பெயரால், கையில் பணமில்லாத மக்கள் ஏன் இவ்வளவு கொடுக்கிறார்கள்?

சந்தையில் தேவை கூடினால் விலை கூடும் என்ற பாடப்புத்தக விடை பாதி விடைதான். கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுச் சந்தை ஒன்றல்ல, இரண்டு. தலித் ஒருவர் இரண்டாவது சந்தைக்குள் மட்டுமே வாங்க விடப்படுகிறார். முதல் சந்தையின் சூடு அவரை எரிக்கிறது. அதன் ஆதாயம் மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை.

பள்ளத்தாக்கில் நிலம் எப்படிச் சூடேறியது

முதலில் நிலவியல். ஒரு பக்கம் கேரளத்தின் ஏலமலைகள், மறுபக்கம் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவே முல்லைப் பெரியாற்று நீர் பாயும் ஒடுங்கிய சமவெளி. 1895இல் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் கூடலூரிலிருந்து கீழே ஆற்றோரம் முழுவதும் இருபோக நெல் வயல்களாயிற்று. மலையோரத்தில் காடு, 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம், ஆற்றோரத்தில் வயல், மீதியில் திராட்சைத் தோட்டம், தென்னை, வாழை. வீடு கட்ட எஞ்சியிருக்கும் நிலம் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தேனி மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகர்ப்புறங்களில் வாழ்கிறார்கள். வயலும் தோட்டமுமாகத் தெரியும் இம்மாவட்டத்தில் ஆறு நகராட்சிகள் உள்ளன என்பதை வெளியூர்க்காரர்கள் எளிதில் நம்புவதில்லை.

அடுத்தது பணம். போடி, கம்பம் வணிகர்களும் பெருவிவசாயிகளும் இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டங்கள் வைத்திருப்பது நெடுங்கால வழக்கம். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாயைத் தொட்டது. அத்தகைய ஆண்டுகளில் மலையில் விளையும் பணம் சமவெளியில் மனையாக இறங்குகிறது. அந்த ஏலக்காயைப் பறிக்க விடியற்காலையில் ஜீப்பில் அடைந்து குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் மலையேறும் பெண்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்கள் பறித்த காயின் விலை அவர்களுடைய தெருவுக்குத் திரும்புவது கூலியாக அல்ல, மனை விலையாக.

இவற்றோடு சாலையும் இரயிலும் சேர்ந்தன. அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்த மதுரை இரயில் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் மீண்டும் வந்தது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2016இல் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, அங்கீகாரம் பெற்ற மனைகளுக்கும் பழைய பத்திரம் உள்ள ஊர் வீடுகளுக்கும் மதிப்புக் கூடியது. 2017இல் 33 விழுக்காடு குறைக்கப்பட்டிருந்த வழிகாட்டி மதிப்பு 2023 ஏப்ரலில் மீண்டும் உயர்த்தப்பட்டது. பதிவுக் கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைந்தது. முத்திரைத் தீர்வையோடு சேர்த்தால் கிரயப் பதிவுக்கு இன்று 9 விழுக்காடு செலவாகும்.

இவை எல்லோருக்கும் பொதுவான காரணங்கள். ஊரில் உள்ள நடுத்தர வர்க்கத்தினரும் இவற்றால் திணறவே செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அடுத்த தெரு இருக்கிறது, அடுத்த ஊர் இருக்கிறது, புதிய நகர் விரிவாக்கம் இருக்கிறது.

விரிய முடியாத தெரு

பள்ளத்தாக்கின் பழைய கிராமங்களில் சேரி அமைந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் ஊர். மற்றப் பக்கங்களில் வாய்க்கால், வயல், தோப்பு. அந்த வயலும் தோப்பும் பெரும்பாலும் பிறருடைய பட்டா. ஊர் நாலாபக்கமும் வளர்கிறது. சேரி தன் எல்லைக்குள்ளேயே நெருங்குகிறது. ஒரு தொகுப்பு வீட்டில் தாத்தா காலத்தில் ஒரு குடும்பம் இருந்தது. இன்று மூன்று குடும்பங்கள். திண்ணை அடைக்கப்பட்டு அறையாகியிருக்கிறது. முன்வாசல் மருமகளின் அடுப்படியாகியிருக்கிறது. மாவட்ட மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தலித். அவர்களுடைய குடியிருப்புப் பரப்பு அந்த விகிதத்துக்கு அருகில்கூட வராது என்பதைக் கண்ணால் கண்டே அறியலாம்.

இந்த நெருக்கடிக்காகவே 1978இல் தமிழக அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கும் அச்சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஊரை ஒட்டியுள்ள தனியார் நிலத்தை எடுத்து வீட்டுமனையாகப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. நடைமுறை வேறு. நிலத்தின் சந்தை விலை ஏற ஏற, இழப்பீடு போதாது என்று உரிமையாளர் நீதிமன்றம் போகிறார். துறையோ செலவு கருதி, ஊரிலிருந்து விலகிய கரட்டோரத்தையும் ஓடைப் புறம்போக்கையும் தேடுகிறது. பேருந்து நிற்காத, தண்ணீர் ஏறாத அந்த மனைகளில் பல ஆண்டுக்கணக்கில் முள் முளைத்துக் கிடக்கின்றன. மனை கிடைத்தவர்கள் பழைய காலனியின் இடிந்த வீட்டையே நாடித் திரும்பி வருகிறார்கள். அவர்கள் சோம்பேறிகள், அரசு கொடுத்ததைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் என்று அலுவலகங்களில் பேசப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். பள்ளிக்கும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் எட்டாத மனை எப்படி வீடாகும் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

பழைய காலனியை விட்டு விலகத் தயங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பொருளாதார அறிஞர்கள் அதை விலைப்பட்டியலில் சேர்ப்பதில்லை. 1989 செப்டம்பரில் போடிநாயக்கனூர் வட்டாரத்தில் நிகழ்ந்த சாதிக் கலவரத்தில் பலர் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. அன்று தனித்து இருந்தவர் நிலையையும் கூட்டமாக இருந்தவர் நிலையையும் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. தன் மக்களின் நடுவில் இருக்கும் ஓட்டை வீட்டுக்குக் கூடுதலாக ஒரு லட்சம் கொடுக்கலாம் என்று ஒரு தாய் முடிவெடுத்தால், அந்த ஒரு லட்சம் சந்தை விலை ஆகாது. அச்சத்துக்குக் கட்டும் வரி அது.

"வீடு முடிஞ்சிருச்சு"

சரி, பணம் இருப்பவர் ஊருக்குள் வாங்கலாமே? ஆசிரியர்கள், காவலர்கள், வங்கி ஊழியர்கள், போக்குவரத்துத் தொழிலாளர்கள் என்று மாதச் சம்பளம் பெறும் தலித்துகள் இன்று தேனியில் கணிசமாக உண்டு. அவர்கள் வீடு பார்க்கப் போகும் கதை ஏறக்குறைய ஒரே மாதிரியானது. தொலைபேசியில் பேசும்போது வீடு இருக்கிறது. நேரில் போனதும் சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்ற விசாரணை நடக்கிறது. மறுநாள் வீடு "முடிஞ்சிருச்சு". அல்லது பங்காளி கேட்கிறார். அல்லது விலை திடீரென்று இரண்டு லட்சம் ஏறுகிறது. சாதிப்பெயர் யார் வாயிலும் வருவதில்லை.

பணமும் பதவியும் இருந்தும் கதவு மூடப்படும் இந்த அனுபவம் நமக்குப் பழையது. 1917இல் பரோடா அரசின் உயர் பணிக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு அந்நகரில் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பெயரை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கியவரைத் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அமெரிக்காவில் பயின்று திரும்பியவருக்கு அந்நகரில் ஓர் அறை இல்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் தில்லித் தலைநகர் வட்டாரத்தில் வாடகை வீடுகளைக் கேட்டுத் தொலைபேசியில் ஒரு சோதனை நடத்தினார்கள். கல்வியும் வருமானமும் ஒத்திருந்தும், பெயரால் தலித் என்று அறியப்பட்டவர்களில் ஐந்தில் ஏறக்குறைய இருவருக்கு வீடு மறுக்கப்பட்டது, அல்லது கூடுதல் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 2015இல் வெளியான இந்த ஆய்வு பெருநகரைப் பற்றியது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த கம்பம், சின்னமனூர் போன்ற சிற்றூர்களில் மறுப்புக்குப் பெயர்கூடத் தேவையில்லை.

இங்கே பலர் அறியாத ஒரு சட்ட விவரத்தைச் சொல்லியாக வேண்டும். தனியார் ஒருவர் தன் வீட்டை யாருக்கு விற்பது என்பது அவர் விருப்பம், இதில் சட்டம் தலையிடாது என்றே பொதுவாக நம்பப்படுகிறது. அது முழு உண்மை அன்று. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4, தீண்டாமையின் பெயரால் ஒருவர்மீது சுமத்தப்படும் தடைகளைக் குற்றமாக்குகிறது. எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுவது, வாங்குவது, அதில் குடியிருப்பது ஆகியவற்றுக்கு விதிக்கப்படும் தடையும் அப்பட்டியலில் வெளிப்படையாக இருக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 12 இன்னும் முக்கியமானது. அச்சட்டத்தின்படி குற்றமாகும் ஒரு செயல் பட்டியல் சாதியினர் ஒருவர் தொடர்பாகச் செய்யப்பட்டிருந்தால், அது தீண்டாமையின் அடிப்படையில் செய்யப்பட்டதாகவே நீதிமன்றம் கருத வேண்டும். அவ்வாறில்லை என்று மெய்ப்பிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியுள்ளது. தலித் ஒருவரை வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறச் செய்வதும் அதன்படி குற்றமே.

எழுபது ஆண்டுகளாகச் சட்டம் இருந்தும் வீடு விற்க மறுத்ததற்காக வழக்குத் தொடுப்பதை நம் வழக்கறிஞர்களே அரிதாகத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். மறுப்பு எப்போதும் வேறு காரணத்தின் உடையில் வருவது ஒன்று. நீதிமன்றங்களின் தயக்கமும் ஒன்று: அகமதாபாத்தின் பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் உறுப்பினர்களைத் தன் சமூகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் ஒன்றுசேரும் உரிமையாக அது வாதிடப்பட்டது. ஆனால் அதே தர்க்கத்தை ஆதிக்கச் சாதித் தெருக்கள் எழுதப்படாத விதியாகக் கையாளும்போது, அது சங்கம் அமைக்கும் உரிமை ஆகாது, தீண்டாமையின் வேலிதான்.

தாள் இல்லாத வீடு, வட்டி உள்ள கடன்

காலனிக்குள் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றானபின் விலையைத் தீர்மானிப்பது தாள். காலனி வீடுகளின் தாள் மூன்று வகை. இவற்றைக் குழப்பிக்கொள்வதால் நம் மக்கள் இழக்கும் பணம் அதிகம்.

கிராம நத்தத்தில் உள்ள பழைய வீடு ஒரு வகை. நத்தம் அரசுக்குச் சொந்தமானதன்று, அதில் குடியிருப்பவருக்கே உரியது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. நத்தம் நிலவரித் திட்டப் பட்டா இருந்தால் அதைப் பத்திரம் போட்டு வாங்கலாம். இம்மூன்றில் இதுவே வலுவானது. ஆதிதிராவிடர் நலத்துறை ஒப்படைத்த மனை இரண்டாவது. குறிப்பிட்ட ஆண்டுகள் விற்கக் கூடாது, பின்னரும் ஆதிதிராவிடர் அல்லாதோருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனைகள் வழக்கமாக அதில் இருக்கும். அந்தத் தாளை வைத்திருக்கும் பலருக்கு இன்னொரு சிக்கல்: பட்டா வழங்கப்பட்டது, புகைப்படம் எடுக்கப்பட்டது, ஆனால் உட்பிரிவு செய்து கிராமக் கணக்கில் ஏற்றவில்லை. கணினியில் தேடினால் நிலம் இன்னும் அரசின் பெயரிலோ பழைய உரிமையாளர் பெயரிலோ நிற்கிறது. ஓடை, வாய்க்கால், மந்தைப் புறம்போக்கில் உள்ள வீடு மூன்றாவது. அதற்கு வரி ரசீதும் மின் இணைப்பும் தவிர வேறொன்றும் இல்லை.

பின்னிரண்டு வகை வீடுகளும் கைமாறுவது முத்திரைத்தாளில் எழுதும் ஒப்பந்தத்தால்தான். பதிவு செய்யப்படாத ஒப்பந்தமோ பொது அதிகாரப் பத்திரமோ உரிமையை மாற்றாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வங்கி அந்தத் தாளைத் தொடாது. அரசின் வீட்டுத் திட்டங்களும் தொடா. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் நிலத்தின்மேல் உரிமை காட்ட வேண்டும். எந்த வீடு மிகவும் இடிந்திருக்கிறதோ அதற்கே திட்டம் எட்டாமல் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்பவை. காலனியில் ஒன்றரை சென்ட் இடத்தில் நிற்கும் பழைய வீடு 6 லட்சம் ரூபாய். நகையும் சேமிப்பும் சேர்ந்து 3 லட்சம் தேறுகிறது. மீதி 3 லட்சம் கடன். வங்கி 9 விழுக்காட்டில் 15 ஆண்டுக்குக் கொடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 3,040 ரூபாய். பதினைந்தாவது ஆண்டின் முடிவில் அசலும் தீர்ந்திருக்கும். வங்கி மறுப்பதால் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார்கள். மாதம் 9,000 ரூபாய், வட்டி மட்டும். மூன்று ஆண்டு நிறைவதற்குள் கட்டிய வட்டி அசலைத் தாண்டிவிடும். அசல் அப்படியே நிற்கும். ஊர்க்காரர் அதே 6 லட்சத்துக்கு வாங்கும் வீடும் இவர் 6 லட்சத்துக்கு வாங்கும் வீடும் ஒரே விலை என்று யார் சொல்ல முடியும்? 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. வட்டிக்காரர் தெருவில் இருக்கிறார்.

இந்த வீடுகள் ஏன் பழுது பார்க்கப்படுவதில்லை என்பதற்கும் விடை தாளில்தான் இருக்கிறது. நம் பகுதியின் ஒத்தி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். குடிவருபவர் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுக்கிறார். வாடகை இல்லை, வட்டியும் இல்லை. வீட்டுக்காரர் தொகையைத் திருப்பிக் கொடுக்கும் வரை அவர் குடியிருக்கலாம். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை மகள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ செலவழித்திருப்பார், திருப்பித் தர வழியில்லை. வாடகை வராத வீட்டுக்கு அவர் செலவு செய்ய மாட்டார். தனதல்லாத வீட்டுக்குக் குடியிருப்பவரும் செலவு செய்ய மாட்டார். பத்து ஆண்டு ஒத்தியில் கிடந்த வீட்டின் கூரையைப் பார்த்தாலே தெரியும். கடைசியில் ஒத்திக்காரரே மேல்தொகை போட்டு அந்த வீட்டை வாங்கிக்கொள்கிறார். தான் பத்து ஆண்டுகளாகச் சிதையப் பார்த்த வீட்டை, ஏறிய விலைக்கு.

வாங்கும்போது ஏற்றம், விற்கும்போது இறக்கம்

காலனியில் விலை ஏறினால் காலனிவாசிக்குத்தானே ஆதாயம் என்று கேட்கலாம். வேலைக்காகச் சென்னைக்கோ திருப்பூருக்கோ குடிபெயரும் குடும்பம் தன் வீட்டை விற்க முனையும்போது இதற்கு விடை கிடைக்கிறது. வாங்கக்கூடியவர்கள் அதே தெருக்காரர்கள் மட்டுமே. அவர்களுக்குக் கடன் கிடைக்காது. அவசரத்தில் விற்பவர் கேட்ட விலைக்குப் பாதியைத் தவணையாக வாங்கிக்கொண்டு போகிறார். அந்தப் பணத்தோடு ஊருக்குள்ளோ வேறு நகரத்திலோ வீடு வாங்கப் போனால், அங்கே விலை பல மடங்கு. ஊர்க்காரரின் பழைய வீடு அவருடைய பிள்ளைகளின் கல்விக்கும் தொழிலுக்கும் முதலாகிறது. தலித்தின் பழைய வீடு அவரைக் கட்டிப்போடும் கல்லாகிறது.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதே பொறியில் சிக்கியிருந்தார்கள். 1930களில் அரசு நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பர் பகுதிகளைச் சிவப்பு நிறத்தில் குறித்துக் கடனுக்குத் தகுதியற்றவை என்றது. 1950, 60களில் சிகாகோ நகரத் தரகர்கள் வெள்ளையரிடமிருந்து மலிவாக வாங்கிய பழைய வீடுகளை, வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பருக்கு இரு மடங்கை நெருங்கும் விலைக்குத் தவணை ஒப்பந்தத்தில் விற்றார்கள். தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். 1968இல் லாண்டேல் பகுதி மக்கள் சங்கம் அமைத்துத் தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள். பலருடைய ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டன. வீட்டுப் பாகுபாட்டைத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம் அங்கே வந்ததும் அதே ஆண்டில்தான். நம்மிடம் சிவப்பு வரைபடம் இல்லை, தேவைப்படவும் இல்லை. முகவரியில் 'காலனி' என்றிருந்தாலே மதிப்பீட்டாளருக்குப் போதும். அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க முடிவுதான். சொல் போன பின்னும் வாய்க்கால் அங்கேயே இருக்கும்.

ஒப்படை மனைகளின் நிபந்தனையை நீக்கிவிட்டால் சந்தை விலை கிடைக்குமே என்ற வாதம் நம் இளைஞர்களிடமும் அவ்வப்போது எழுகிறது. இந்தக் கட்டுரையாளர் அதை ஏற்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறந்த பஞ்சமி நில ஆணையிலும் இதே போன்ற நிபந்தனைதான் இருந்தது: முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். நிபந்தனை இருந்தபோதே லட்சக்கணக்கான ஏக்கர் கைமாறிப் போயிற்று. அது இல்லாவிட்டால் நகரத்தை ஒட்டிய காலனி மனைகள் ஒரே தலைமுறையில் பிறர் கைக்குப் போய்விடும். குறை நிபந்தனையில் இல்லை. நிபந்தனை உள்ள மனைக்குக் கடன் தரும் நிறுவனம் இல்லாததில் இருக்கிறது. ஆதிதிராவிடருக்குள் நடக்கும் விற்பனைக்குத் தாட்கோ வழியாகக் குறைந்த வட்டியில் கடன் தரவும், அத்தகைய விற்பனையை முறையாகப் பதிவு செய்யவும் அரசு வழி செய்தால், நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி தெருவை விட்டுப் போகும்.

மலையிலிருந்து இறங்கி வருபவர்கள்

காலனி வீடுகளுக்கான போட்டியில் இன்னும் ஒரு தரப்பு உண்டு. மூணாறு, தேவிகுளம், பீருமேடு தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி அவர்களுக்கு வீடு தரப்பட வேண்டியிருந்தது. ஆனால் அந்த லயத்து அறை வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் இறந்தபோது, அந்த அறைகள் எங்கே, எப்படி நிற்கின்றன என்பதை நாடு ஒரு வாரம் பார்த்தது. ஓய்வு பெறுபவர் பணிக்கொடையோடு கீழே இறங்குகிறார். நாட்கூலி 400 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு 15 நாள் வீதம் 30 ஆண்டுப் பணிக்கு 1,80,000 ரூபாய். போடியிலோ கம்பத்திலோ அந்தப் பணத்துக்கு மனை கிடைக்காது. ஆகவே உறவினர் இருக்கும் காலனியில், ஒத்திக்கோ முத்திரைத்தாளுக்கோ, இடிந்த வீடொன்றைப் பிடிக்கிறார். பீருமேட்டில் 2000இல் மூடப்பட்ட தோட்டங்களின் தொழிலாளர்களுக்கு அந்தப் பணிக்கொடைகூட உரிய காலத்தில் கிடைக்கவில்லை. பலர் ஒழுகும் லயங்களிலேயே தங்கிவிட்டார்கள். நகராட்சிக் குடியிருப்பில் வாழும் அருந்ததியர் தூய்மைப் பணியாளர்களின் நிலையும் இதுவே. பணி ஓய்வு என்பது அவர்களுக்கு வீடு தேடலின் தொடக்கம்.

கல்லூரி மாணவர்கள் இதில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தில்லியில் நடந்த சோதனையைத் தேனியில் நடத்த அறுபது பேரும் ஒரு மாதமும் போதும்: ஒரே வீட்டை, ஒரே வருமானம் சொல்லி, இரண்டு தெருக்களைச் சேர்ந்த இருவர் தனித்தனியாகக் கேட்பது, கிடைத்த பதிலை நாள், நேரத்தோடு எழுதி வைப்பது. அப்படி ஒரு பதிவேடு கையில் இருந்தால் 1955 சட்டத்தின் பிரிவு 4இன் கீழ் அளிக்கும் புகாருக்கு முதல் ஆதாரம் கிடைக்கிறது.

செயற்பாட்டாளர்களுக்கு அதைவிட எளிய வேலை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கும் அதன் தனி வட்டாட்சியருக்கும். கேட்க வேண்டியவை: 1978 சட்டத்தின்கீழ் ஒவ்வொரு கிராமத்திலும் எடுக்கப்பட்ட நிலத்தின் சர்வே எண், பரப்பு, எடுக்கப்பட்ட ஆண்டு, வழங்கப்பட்ட பட்டாக்களின் எண்ணிக்கை, அவற்றில் உட்பிரிவு செய்து கிராமக் கணக்கில் ஏற்றப்பட்டவை எத்தனை, அளந்து கல் நட்டு ஒப்படைக்கப்பட்டவை எத்தனை, எடுத்தும் பிரித்துக் கொடுக்காமல் கிடக்கும் நிலம் எவ்வளவு, இன்று அதில் யார் இருக்கிறார்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். கணக்கில் ஏறாத பட்டாக்களின் பட்டியல் கைக்கு வந்ததும், அதே ஊரின் காலனியில் முத்திரைத்தாளில் கைமாறிய வீடுகளின் பட்டியலை அதனருகில் வைத்துப் பாருங்கள்.